உளுந்துக்குக் கந்தகம்: சிஸ்டீன் நொதிகளுக்கு வேலை கொடுக்கும் வழி

கீழ் பர்மாவில் நெல் அறுத்த வயலில் போடும் உளுந்தும் பாசிப்பயறும் மழையை நம்பி வளர்வதில்லை. கார்த்திகையில் மண்ணில் மிஞ்சிய ஈரத்தில் முளைத்து, தை பிறக்கும்போது பூத்து, மாசி வெயிலில் காய் முற்ற வேண்டும். பெகு பக்கத்துக் களிமண் தையிலேயே பாளம் பாளமாக வெடித்துவிடும். தொங்வா போலக் கடலுக்குக் கிட்டே இருக்கும் வயல்களில் மண் காய்ச்சலோடு உப்பும் சேர்ந்து மேலே ஏறும்.

வறட்சி, உப்பு, வெயில் எது வந்தாலும் செடி தன்னைக் காத்துக்கொள்ள எடுக்கும் ஆயுதங்களில் பல சிஸ்டீன் என்ற ஒரு சின்ன அமினோ அமிலத்தில்தான் வந்து முடியும். அதைச் செய்யும் நொதிகள் கூடுதலாக இருந்தால் செடி தாங்கும் என்று ஆய்வுக்கூடத்தில் பல செடிகளில் காட்டியிருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு நொதியைப் புட்டியில் தேடுவது வீண். நொதி செடியிடமே இருக்கிறது. அதற்கு வேண்டிய கச்சாப்பொருள் சல்ஃபேட், அதாவது வேர் எடுக்கும் வடிவத்தில் உள்ள கந்தகம். யூரியாவில் அது துளியும் இல்லை. டி-சூப்பர் என்கிற டிரிபிள் சூப்பர் பாஸ்பேட்டில் இருப்பது கணக்கில் சேராது. இந்த இரண்டையும் மட்டும் ஆண்டுக்கணக்கில் போட்டுவரும் வயலில் அந்த நொதிகள் பாதி நேரம் கைகட்டி நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம்.

செடிக்குள் என்ன நடக்கிறது

வேர் எடுத்த சல்ஃபேட் இலைக்குப் போய், பச்சையத் துணுக்குகளுக்குள் மூன்று படியில் சல்ஃபைடாக மாறுகிறது. ஒரு சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக்க எட்டு எலக்ட்ரான் செலவு. அத்தனையும் ஒளிச்சேர்க்கையிலிருந்து வர வேண்டும். உரம் போடும் காலத்தைத் தீர்மானிப்பது இந்தச் செலவுதான்.

இன்னொரு பக்கம், செரீன் என்ற அமினோ அமிலத்தோடு ஓர் அசெட்டைல் தொகுதியைச் சேர்த்து ஓ-அசெட்டைல்செரீன் செய்யும் நொதி இருக்கிறது. அதன் பெயர் செரீன் அசெட்டைல்டிரான்ஸ்ஃபெரேஸ். சல்ஃபைடும் இந்த ஓ-அசெட்டைல்செரீனும் சேரும் இடத்தில் இரண்டாவது நொதி, ஓஏஎஸ் (ஓ-அசெட்டைல்செரீனின் சுருக்கம்) தையோல் லையேஸ், சிஸ்டீனைச் செய்து அசெட்டேட்டை வெளியே தள்ளுகிறது. இந்த இரண்டு நொதிகளும் செல்லின் நீர்மம், பச்சையத் துணுக்கு, மைட்டோகாண்டிரியா ஆகிய மூன்று இடங்களிலும் உண்டு.

இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரு கூட்டாக நிற்கும். கூட்டில் இருக்கும்போது முதல் நொதி நன்றாக ஓடும், இரண்டாவது சும்மா இருக்கும். சிஸ்டீன் செய்வது கூட்டுக்கு வெளியே தனியாக இருக்கும் இரண்டாம் நொதி. அது முதல் நொதியைவிடப் பல மடங்கு அதிகமாக உண்டு. சல்ஃபைடு தாராளமாக இருந்தால் கூட்டு உறுதியாக நிற்கும். கந்தகம் போதாதபோது ஓ-அசெட்டைல்செரீன் எடுப்பார் இல்லாமல் தேங்கும், தேங்கினால் கூட்டு உடையும், முதல் நொதி மந்தமாகும். அந்தத் தேக்கத்தைச் செல் ஓர் அறிகுறியாக எடுத்துக்கொண்டு வேரில் சல்ஃபேட் இழுக்கும் வாயில்களை அதிகப்படுத்தும். மண்ணில் சல்ஃபேட் இருந்தால் அந்தக் கூப்பாடு பலிக்கும். இல்லாவிட்டால் செடி கூப்பிட்டுக்கொண்டே வெளிறும்.

செய்த சிஸ்டீனைச் செடி சேர்த்து வைப்பதில்லை. சும்மா விட்டால் அது கெடுதல் செய்யக்கூடிய பொருள், ஆகவே அளவு எப்போதும் குறைவு. உடனுக்குடன் வேறொன்றாக மாற்றிவிடும். தாங்கும் திறனுக்கு முக்கியமானவை நான்கு.

முதலாவது குளுட்டத்தையோன். குளுட்டமேட், சிஸ்டீன், கிளைசீன் மூன்றும் சேர்ந்தது. உளுந்து, பாசிப்பயறு குடும்பத்தில் கிளைசீனுக்குப் பதில் பீட்டா-அலனீன் வரும், வேலை ஒன்றே. வறட்சியில் இலைத்துளை மூடி, வெயில் மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் இலைக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற சுடு பொருள்கள் சேரும். அவற்றை அணைக்கும் சுழற்சியில் குளுட்டத்தையோன் நடுநாயகம். பல களைக்கொல்லிகளைக் கட்டி முடக்குவதும் அதுவே.

இரண்டாவது, இலைத்துளை மூடும் அப்சிசிக் அமிலம். அதைச் செய்யும் கடைசி நொதியில் மாலிப்டினம் இருக்கிறது. அந்த மாலிப்டினத்தின் மேல் ஒரு கந்தக அணு ஏறினால்தான் நொதி வேலை செய்யும். அந்தக் கந்தகத்தைக் கொடுப்பது சிஸ்டீன். காய்ச்சலில் வேரிலிருந்து சல்ஃபேட் இலைக்கு ஏறுவதும், அது சிஸ்டீனாக மாறுவதும், துளை மூடுவதும் ஒரே சங்கிலி என்று இப்போது தெளிவாகியிருக்கிறது. சிஸ்டீனைப் பிரித்துத் துளி ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடும் இன்னொரு நொதியும் துளையைத் திறந்து மூடும் காவல் செல்லில் இதே வேலைக்கு உதவுகிறது.

மூன்றாவது, சயனைடு. நெருக்கடியில் செடி எத்திலீன் வாயுவைச் செய்யும்போது கூடவே கொஞ்சம் சயனைடும் பிறக்கும். சிஸ்டீன் நொதியின் உடன்பிறப்பான இன்னொரு நொதி மைட்டோகாண்டிரியாவில் உட்கார்ந்து, சிஸ்டீனைச் செலவழித்து அந்த நஞ்சை முறிக்கும்.

நான்காவது, பயறுக்கே உரியது. வேர்முடிச்சில் காற்றுத் தழைச்சத்தைப் பிடிக்கும் நைட்ரோஜினேஸ் நொதி முழுக்க இரும்பும் கந்தகமும் பின்னியது. கந்தகம் குறைந்தால் முடிச்சு சிறுத்து, தழைச்சத்தும் சேர்ந்து குறையும். அதனால்தான் கந்தகப் பற்றாக்குறை உளுந்தில் தழைச்சத்துப் பற்றாக்குறை போலவே வேடம் போடும்.

எட்டு எலக்ட்ரானுக்கு வருவோம். வறட்சி வந்து துளை மூடியபின் செடியின் சக்திக் கணக்கே குழம்பிக் கிடக்கும். காய்ந்த மண்ணில் சல்ஃபேட் வேருக்கு நகரவும் நீர் கிடையாது. இலையில் முன்பே சேர்ந்த கந்தகமும் புது இலைக்கு எளிதில் இடம் மாறுவதில்லை. ஆகவே சிஸ்டீன் அதிகம் வேண்டிய நேரமே அதைச் செய்ய முடியாத நேரமாகிவிடுகிறது. காய்ச்சல் தெரிந்தபின் உரம் தேடுவது வீண் செலவு. கந்தகம் விதைப்போடு, ஈரம் இருக்கும்போதே மண்ணுக்குள் இருக்க வேண்டும்.

முதலில் வயலைப் பாருங்கள்

மஞ்சளாக இருப்பதெல்லாம் கந்தகக் குறை இல்லை. விதைத்து மூன்று வாரம் கழிந்து, காலை வெயில் ஏறுமுன், வயலின் ஓரத்தை விட்டு உள்ளே போய்ப் பாருங்கள்.

கந்தகக் குறையில் மேல் இலை, அதாவது கடைசியாக விரிந்த மூவிலை, நரம்போடு சேர்த்து ஒரே சீராக வெளிறியிருக்கும். அடியிலை பச்சையாக இருக்கும். தழைச்சத்துக் குறையில் இது தலைகீழ், அடியிலை முதலில் மஞ்சளாகும். மேல் இலையில் நரம்பு மட்டும் பச்சையாகக் கோடு போட்டு நின்றால் இரும்புக் குறை. பளிச்சென்ற மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்து, அங்கொரு செடி இங்கொரு செடியாகத் தெரிந்தால் மஞ்சள் தேமல் நோய். அது வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ், அதற்கு எந்த உரமும் மருந்தாகாது. தேமல் வந்த வயலில் ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட்) கொட்டிவிட்டு ஜிப்சத்தைத் திட்டுவது அடிக்கடி நடக்கிறது.

சந்தேகமாக இருந்தால் செடியைப் பிடுங்காமல் மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, நீரில் அலசி, முடிச்சு ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இறைச்சி போலச் சிவந்திருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. மேல் இலை வெளிறி, முடிச்சும் சிறுத்து உள்ளே வெளுத்திருந்தால் கந்தகத்தின் மேல் சந்தேகப்படலாம். மாலிப்டினக் குறையும் முடிச்சை வெளுக்க வைக்கும், அதற்குக் கீழே வருகிறேன்.

ஆய்வுக்கூட வசதி கிடைத்தால் மண்ணில் சல்ஃபேட் கந்தகம் எவ்வளவு என்று கேளுங்கள். பத்து பிபிஎம்முக்கு (கிலோ மண்ணுக்குப் பத்து மில்லிகிராம்) கீழே என்றால் பயறு உரத்துக்குப் பதில் சொல்லும் வாய்ப்பு அதிகம். இலை கொடுத்தால் பூக்கும் சமயத்தில் புதிதாக முற்றிய மூவிலைகளைக் கொடுத்து, தழைச்சத்து, கந்தகம் இரண்டையும் அளக்கச் சொல்ல வேண்டும். கந்தகம் மட்டும் அளந்தால் பாதிச் செய்தி. இலையில் கந்தகம் 0.2 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தாலும், தழைச்சத்து கந்தகத்தைப் போல 17 மடங்குக்கு மேல் இருந்தாலும் குறை என்று கொள்ளலாம்.

வைக்கோலை வயலிலேயே கொளுத்துகிற பழக்கம் இருந்தால் சோதனைக்கு முன்பே குறையை எதிர்பார்க்கலாம். வைக்கோலில் இருக்கும் கந்தகத்தில் ஒரு பங்கு புகையோடு போய்விடும்.

எந்த உரம், எவ்வளவு

ஒரு டன் பயறு மணி எடுக்கும் செடி ஏறத்தாழ எட்டு கிலோ கந்தகத்தை மண்ணிலிருந்து எடுக்கும். ஏக்கருக்கு அரை டன் விளைச்சல் என்றால் நான்கு கிலோ. போட்டதெல்லாம் வேருக்குப் போகாது, ஆகவே ஏக்கருக்கு எட்டு கிலோ கந்தகம் என்று வைத்துக்கொள்வது நியாயமான அளவு. இனி அது எந்த மூட்டையில் வருகிறது என்பதுதான் கணக்கு. வீசைக் கணக்கு வேண்டியவர்களுக்கு: இங்கத்து வீசை 1.63 கிலோ.

ஜிப்சம் நல்லதாக இருந்தால் கந்தகம் 16 விழுக்காடு. ஏக்கருக்கு 50 கிலோ, சுமார் 31 வீசை. மண்ணின் புளிப்பை மாற்றாது, கால்சியமும் தரும், களிமண் இறுகுவதைக் கொஞ்சம் குறைக்கும். பெகு பக்கத்துக்கு என்னைக் கேட்டால் இதுவே முதல் தேர்வு.

அம்மோனியம் சல்ஃபேட்டில் கந்தகம் 24, தழைச்சத்து 21 விழுக்காடு. ஏக்கருக்கு 33 கிலோ, சுமார் 20 வீசை. அதில் ஏழு கிலோ தழைச்சத்தும் வந்துவிடும். முடிச்சு கட்டும்வரை இளஞ்செடிக்கு வேண்டிய அளவு அவ்வளவுதான், ஆகவே அடியில் யூரியா போடுவதை நிறுத்திவிடலாம். குறை ஒன்று உண்டு: மண்ணைப் புளிக்க வைக்கும். நூறு கிலோ போட்டால் அந்தப் புளிப்பை ஆற்ற ஏறத்தாழ 110 கிலோ சுண்ணாம்புக்கல் பொடி வேண்டும். ஏற்கெனவே புளித்த மண்ணில் ஆண்டுதோறும் இதையே போடக்கூடாது.

சிங்கிள் சூப்பர் பாஸ்பேட் கிடைத்தால் அதில் கந்தகம் 11, மணிச்சத்து 16 விழுக்காடு. ஒன்றரை மூட்டை, அதாவது 75 கிலோ போட்டால் எட்டு கிலோ கந்தகமும் 12 கிலோ மணிச்சத்தும் வரும், அரை மூட்டை டி-சூப்பரை மிச்சப்படுத்தலாம். இங்கேதான் பெயர்க் குழப்பம் காசைத் தின்கிறது. சூப்பர் என்ற பெயர் இரண்டுக்கும் பொது, கந்தகம் சிங்கிளில் மட்டுமே. சாக்கில் மணிச்சத்து 46 என்று அச்சடித்திருந்தால் அது டி-சூப்பர், கந்தகத்துக்கு உதவாது.

மஞ்சள் கந்தகத் தூளை இந்தப் பயிருக்கு உரமாகப் போட வேண்டாம். வேர் அதை அப்படியே எடுக்காது. மண்ணிலுள்ள பாக்டீரியா அதைச் சல்ஃபேட்டாக மாற்ற வேண்டும், அதற்கு ஈரமும் பல வாரங்களும் ஆகும். எண்பது நாள் உளுந்து அதற்குள் அறுப்புக்கு வந்துவிடும். வயல் புளித்ததுதான் மிச்சம். டெல்டாவில் சில தாழ்நிலங்களில் மண் காயும்போது வைக்கோல் நிறத்தில் மஞ்சள் புள்ளிகள் தெரியும், வாய்க்கால் நீர் துருப்பிடித்தது போல் இருக்கும். அது அமில சல்ஃபேட் மண். அங்கே கந்தகம் ஏற்கெனவே மிஞ்சிக் கிடக்கிறது, இந்தக் குறிப்பில் சொல்லும் எதையும் அங்கே போடக்கூடாது.

மூட்டையைச் சோதிக்க வழி வீட்டிலேயே இருக்கிறது. ஜிப்சம் என்று கொடுத்த தூளில் கொஞ்சம் வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்புக்கல் கலந்திருக்கிறது, சுத்த ஜிப்சம் பொங்காது. அம்மோனியம் சல்ஃபேட் என்று கொடுத்ததை உள்ளங்கையில் ஒரு சிட்டிகை எடுத்து, வெற்றிலைக்குத் தடவும் ஈரச் சுண்ணாம்பைத் தொட்டுத் தேய்த்தால் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி உடனே வரும். உப்போ யூரியாவோ என்றால் வராது. தேய்த்தபின் கையைக் கழுவுங்கள். அதே காரணத்தால்தான் அம்மோனியம் சல்ஃபேட்டைச் சுண்ணாம்போடும் அடுப்புச் சாம்பலோடும் கலந்து தூவக்கூடாது. காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து நெடியாகப் பறந்துவிடும்.

எப்போது, எப்படிப் போடுவது

ஜிப்சம் ஒரு லிட்டர் நீரில் இரண்டரை கிராம் அளவுதான் கரையும். காய்ந்த மண்ணின் மேல் தூவினால் அறுவடை வரை வெள்ளைப் பொடியாக அப்படியே கிடக்கும். அது பயன்படாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் இது ஒன்றுதான். நெல் அறுத்ததும், காலடி பதியும் ஈரம் இருக்கும்போதே, கடைசி உழவுக்கு முன் தூவி, அதே நாள் உழுது மண்ணுக்குள் தள்ள வேண்டும். நான்கு விரல் ஆழம் போதும். ஜிப்சம் கட்டியாக இருந்தால் உடைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். பட்டாணி அளவுக் கட்டி ஒரு பருவத்துக்குள் கரையாது.

உழாமல், நிற்கும் நெல்லிலேயே விதை தெளிக்கிற வயலில் ஜிப்சம் சரிவராது. அங்கே அம்மோனியம் சல்ஃபேட்டே பொருத்தம், அது நீரில் உடனே கரையும். விதை தெளிக்கும்போது மண் மெழுகுபோல் இருக்க வேண்டும், நீர் தேங்கி நிற்கக்கூடாது. இலை ஈரமாக இருக்கும்போது தூவினால் ஒட்டிய இடமெல்லாம் கருகும், ஆகவே பனி காய்ந்தபின் தூவுங்கள். வரிசையில் விதைப்பவர்கள் உரம் விதையைத் தொடாதபடி இரண்டு விரல் தள்ளிப் போட வேண்டும். உப்பு அதிகமுள்ள உரம் முளையைக் கொல்லும்.

சல்ஃபேட்டும் மாலிப்டேட்டும் வேரில் ஒரே வாயிலுக்குப் போட்டி போடுபவை. புளித்த மண்ணில் மாலிப்டினம் முதலிலேயே அரிது. சல்ஃபேட்டை அள்ளிப் போட்டால் அந்தச் சிறிதும் உள்ளே போகாமல், முடிச்சும் அப்சிசிக் அமில நொதியும் இரண்டுமே சோரும். எட்டு கிலோ போதும் என்றால் பதினாறு இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். புளித்த வயலில் ஒரு கிலோ விதைக்கு ஒரு கிராம் அம்மோனியம் மாலிப்டேட்டைக் கொஞ்சம் நீரில் கரைத்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். வேர்முடிச்சுப் பாக்டீரியாவான ரைசோபியம் சேர்ப்பதென்றால் அதைக் கடைசியாக, விதைக்கும் நேரத்தில் சேருங்கள். மருந்து புரட்டிய விதையில் மிஞ்சியதை மாட்டுக்கும் கோழிக்கும் போடக்கூடாது.

பாதியில் தெரியவந்தால்

விதைத்து நான்கு வாரத்துக்குள், மண்ணில் இன்னும் ஈரம் இருந்தால், அம்மோனியம் சல்ஃபேட்டை அரை அளவு, அதாவது பத்து வீசை, மேலே தூவலாம். பூத்தபின் மண்ணில் போடுவதால் பயனில்லை. தெளிப்பு ஒன்றே வழி.

தெளிப்பில் எவ்வளவு போகிறது என்று ஒரு தடவை கணக்குப் பாருங்கள். எப்சம் உப்பு என்கிற மெக்னீசியம் சல்ஃபேட்டை லிட்டருக்கு பத்து கிராம் கலந்து ஏக்கருக்கு 200 லிட்டர் தெளித்தால் இரண்டு கிலோ உப்பு. அதில் கந்தகம் 260 கிராம் மட்டுமே. எட்டு கிலோ எங்கே, கால் கிலோ எங்கே. ஆகவே தெளிப்பு முதலுதவிதான், சாப்பாடாகாது. இருந்தாலும் பூக்கும் சமயத்தில் மேல் இலை வெளிறி நிற்கும் செடிக்குப் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை கொடுப்பதில் தவறில்லை. 16 லிட்டர் தொட்டிக்கு 160 கிராம், வெயில் தாழ்ந்தபின். பொட்டாசியம் சல்ஃபேட்டும் இதே அளவில் தெளிக்கலாம், வெந்நீரில் கரைத்து வடிகட்டினால் சீக்கிரம் கரையும்.

இரண்டு விழுக்காடு டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) கரைசல் தெளிக்கிற வழக்கம் உள்ளவர்கள் அந்தத் தொட்டியிலேயே எப்சம் உப்பைச் சேர்க்கக்கூடாது. மெக்னீசியமும் அம்மோனியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து கரையாத வெள்ளை மணலாகப் படிந்து தெளிப்பான் மூக்கை அடைத்துவிடும். இரண்டு நாள் விட்டுத் தனித்தனியாகத் தெளியுங்கள்.

சாம்பல் நோய்க்கு அடிக்கும் நனையும் கந்தகம் வேறு சமாச்சாரம். அது இலையின் மேல் பூஞ்சணத்தைக் கொல்லத்தான், சிஸ்டீனுக்கு உடனே போய்ச் சேராது. லிட்டருக்கு இரண்டு முதல் மூன்று கிராம். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நேரத்தில் அடித்தால் இலை பொரிந்துபோகும். மாசியில் சாயங்காலம் தவிர வேறு நேரம் கிடையாது. எண்ணெய் கலந்த மருந்து அடித்து இரண்டு வாரத்துக்குள்ளும் அடிக்க வேண்டாம்.

தையோயூரியாவும் சிலரிடம் பேச்சில் அடிபடுகிறது. இந்தியாவின் வறண்ட பகுதிகளில் லிட்டருக்கு அரை கிராம் கலந்து பூக்கும்போது தெளித்துப் பயன் கண்டிருக்கிறார்கள். அந்த அளவில் அது உரமாக வேலை செய்வதில்லை, செடியின் ஆக்சிஜனேற்றச் சமநிலையைத் தொட்டு அசைக்கிறது. நஞ்சுள்ள பொருள், கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடக்கூடாது. அடியில் சல்ஃபேட் போடாத வயலில் இதை நம்புவது கூரை இல்லாத வீட்டுக்குக் கதவு வைப்பது போல. அமினோ அமிலப் புட்டிகளைப் பற்றியும் என் கருத்து அதுவே. அந்தக் காசுக்கு எத்தனை மூட்டை ஜிப்சம் வரும் என்று முதலில் பாருங்கள்.

உப்பு ஏறும் வயல்

உப்பில் செடிக்கு இரட்டைச் செலவு. நீர் கிடைப்பதில்லை, உள்ளே போன சோடியமும் குளோரைடும் இலையைச் சுடுகின்றன. குளுட்டத்தையோன் வேகமாகத் தீரும். அங்கே சாம்பல்சத்துக்கு மியூரியேட் ஆஃப் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் குளோரைடு போடுவது எரிகிற இடத்தில் இன்னும் குளோரைடைச் சேர்ப்பது. விலை கூடினாலும் பொட்டாசியம் சல்ஃபேட்டே போட வேண்டும். சாம்பல்சத்தும் கந்தகமும் ஒருசேரக் கிடைக்கும்.

ஏக்கருக்கு ஒரு மூட்டை ஜிப்சம் கந்தக உணவுக்குப் போதும். உவர் மண்ணைத் திருத்த அது போதாது. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் கடல்நீரை உள்ளே தள்ளிய வயல்களைப் போல சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்ட இடத்துக்கு வேண்டியது டன் கணக்கு. அதை மண் சோதனை பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதோடு வெளியேறும் உப்பைக் கழுவ நல்ல நீரும் வடிகாலும் இல்லாவிட்டால் அந்த ஜிப்சமும் பயன்படாது.

நெல்லுக்கு வேறு கணக்கு

நீர் நிற்கும் வயலில் மண்ணுக்குக் காற்று இல்லை. பாக்டீரியா சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக்கிவிடும். செடிக்குள் செடி செய்யும் அதே மாற்றம் மண்ணில் நடந்தால் வேருக்கு நஞ்சு. இரும்பு நிறைந்த மண்ணில் சல்ஃபைடு இரும்போடு கட்டுண்டு கருப்பாகக் கிடக்கும், பெரிய தீங்கில்லை. இரும்பு குறைந்த மணற்பாங்கான வயலில் ஹைட்ரஜன் சல்ஃபைடாகவே நின்று வேரைக் கருக்கும். நெற்செடியைப் பிடுங்கிப் பாருங்கள்: துருநிறம் பூசியிருந்தால் நலம். கருத்து, அழுகிய முட்டை வாடை அடித்தால் சல்ஃபேட் உரத்தை நிறுத்தி, மண் லேசாக வெடிக்கும்வரை நீரை வடித்துவிட வேண்டும். வடித்து அறுத்தபின் அந்தச் சல்ஃபைடு மெல்லச் சல்ஃபேட்டாகத் திரும்பி உளுந்துக்கு உதவும். நெல்லுக்குப் போட்ட கந்தகத்தில் ஒரு பங்கு உளுந்துக்கு இப்படித்தான் வருகிறது.

ஐராவதி டெல்டாவில் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் ஆர்செனிக் இருக்கும் இடங்கள் உண்டு. அங்கே கோடை நெல்லுக்கும் சிஸ்டீன் பாதை காவல். குளுட்டத்தையோனிலிருந்து செய்யப்படும் ஃபைட்டோகெலாட்டின் ஆர்செனிக்கைப் பிடித்துக் கட்டி, தண்டுக் கணுவின் செல் பைகளில் பூட்டி வைக்கிறது. மணிக்குப் போகும் அளவு குறைகிறது. காட்மியத்தையும் அதே கயிறு கட்டும். விட்டு விட்டு நீர் பாய்ச்சினால் ஆர்செனிக் குறையும், ஆனால் மண் காய்ந்தால் காட்மியம் கரைந்து மேலேறும். காட்மியம் இருக்கும் மண்ணில் இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு எடுக்கக்கூடாது.

வாங்குமுன் ஒரு துண்டு வயல்

பத்து ஏக்கருக்கு உரம் வாங்குமுன் ஒரு பருவம் சோதித்துவிடலாம். ஜிப்சத்தை வைத்துச் சோதித்தால் பலன் கந்தகத்தாலா கால்சியத்தாலா என்று பிரிக்க முடியாது. அம்மோனியம் சல்ஃபேட்டையும் யூரியாவையும் எதிரெதிரே வைத்தால் முக்கிய வித்தியாசம் கந்தகம்தான்.

இருபதடி அகலம், இருபத்தைந்தடி நீளமாக இரண்டு துண்டு, நடுவே மூன்றடி இடைவெளி. ஒன்றில் அம்மோனியம் சல்ஃபேட் 380 கிராம், மற்றதில் யூரியா 173 கிராம். இரண்டிலும் தழைச்சத்து ஏறத்தாழ 80 கிராம், சமம். டி-சூப்பர் இரண்டிலும் ஒரே அளவு, விதை ஒரே சாக்கிலிருந்து. உரத்தை நான்கு பங்கு உலர்ந்த மண்ணோடு கலந்து, துண்டின் நீளவாக்கில் பாதியும் அகலவாக்கில் பாதியும் தூவினால் சீராக விழும். இதைப்போல மூன்று சோடி, வயலின் மேடு, நடு, பள்ளம் என்று மூன்று இடத்தில். ஒரே சோடி வைத்தால் மண்ணின் மேடுபள்ளம்தான் முடிவைச் சொல்லும். எது எந்தத் துண்டு என்று குச்சியில் எழுதி நட்டு, காகிதத்திலும் குறித்து வையுங்கள். மாடு குச்சியைச் சாய்த்துவிடும்.

பூக்கும்போது பச்சையில் வித்தியாசம் தெரிகிறதா, மதிய வெயிலில் எந்தத் துண்டு முதலில் இலையை மடிக்கிறது என்று பாருங்கள். ஆனால் பச்சையை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம். அறுக்கும்போது ஓரத்தில் இரண்டடியை விட்டு, நடுப்பகுதியை மட்டும் தனியாக அடித்து, உலர்த்தி எடை போட வேண்டும். ஏக்கருக்கு அரை டன் விளையும் வயலில் அந்த நடுப்பகுதி சுமார் நாலு கிலோ தரும். மூன்று சோடியிலும் அம்மோனியம் சல்ஃபேட் துண்டு 400 கிராமோ அதற்கு மேலோ கூடுதலாக இருந்தால் ஏக்கருக்கு 50 கிலோ பயறு என்று கணக்கு. அதன் விலையையும் உரச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரு சோடியில் கூடி இன்னொன்றில் குறைந்தால் அது உரத்தின் பலன் இல்லை, அடுத்த பருவம் மறுபடி வைத்துப் பாருங்கள். மூன்றிலும் ஒன்றும் இல்லை என்றால் அந்த வயலில் சல்ஃபேட் போதுமான அளவு இருக்கிறது. காசை வடிகாலுக்கோ நல்ல விதைக்கோ போடுங்கள்.